பன்னிரண்டரை மணிச் சீட்டு

ஷூவைக் கழட்ட வேணாம் தம்பி, அப்படியே வாங்க. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. லிங்கராஜபுரம் மேம்பாலத்துல மாட்டிக்கிட்டீங்களா? பெங்களூருக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல டிராஃபிக்கைத் திட்டிட்டுத்தான் வந்த விஷயத்தைச் சொல்வாங்க. நீங்க திட்டல. மெட்ராஸ்காரங்களுக்கு அது பழக்கம்தானே.

ஃபார்மைக் காட்டுங்க. ம். 'டீப் லெவல்', 1974. எங்க பேண்டு போட்ட ரெக்கார்டு, அதை மறுபடி வெளியிட நாலு பேர் கையெழுத்து. டெஸ்மண்ட் ஆஸ்திரேலியாவுலேர்ந்து போட்டு அனுப்பிட்டானா? பாஸ் கிடார் வாசிக்கிறப்பவும் அவன் அப்படித்தான். சொன்னதைச் செய்வான், அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. டிரம்ஸ் முனிரத்னம் போய்ச் சேர்ந்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. அவன் மக போட்டிருக்கா. அப்போ பாக்கி ஆர்கன் வாசிச்ச நானும், கிடார் வாசிச்ச சைலஸும்.

நான் போட்டுடறேன், என்னைப் பத்தி கவலைப்படாதீங்க. சைலஸ் விஷயம்தான் வேற. உங்களுக்கு முன்னாடி ஒரு ஜப்பான்காரர் இதே கையெழுத்துக்குப் போனார், வெறுங்கையோட வந்தார். கல்கத்தாவுலேர்ந்து ஒரு பொண்ணு போச்சு, அதுவும் அப்படியே. அவங்க யாரும் முதல்ல என்கிட்ட வரல பாருங்க. நேரா கிடார்காரனைத் தேடி கேஜிஎஃப்புக்கு, அதான் கோலார் தங்கவயலுக்கு, ஓடிட்டாங்க. எப்பவுமே அப்படித்தான் தம்பி. பந்தியில பரிமாறினவன் பேரைத்தான் சொல்வாங்க, சமைச்சவனை யாரு கேக்கறாங்க?

நீங்க முதல்ல இங்க வந்தீங்க. அதனால சொல்றேன். சைலஸ் உங்களை நல்லா உபசரிப்பான். காபி கொடுப்பான், இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கிட்டே பேசுவான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேப்பான். "ஆல்ஃபி அந்தச் சீட்டை எப்ப எழுதினான்?" ஆல்ஃபின்னா நான்தான். மூணு வருஷமா யார் போனாலும் இதே கேள்விதான். தெரியாதுன்னு சொன்னா கையெழுத்து கிடையாது, ஜெபம் பண்ணி அனுப்பிடுவான். உங்க ஜெர்மனிக் கம்பெனிக்கு ரெக்கார்டு கிடைக்கிறதும் கிடைக்காததும் அந்த ஒரு பதில்லதான் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

என்ன சீட்டுன்னு கேக்கறீங்க. அதைச் சொல்லத்தானே உக்காரச் சொன்னேன்.

நீங்க கிறிஸ்தவங்களா? இல்லையா? சரி, சொல்றேன். எங்க சர்ச்ல புது வருஷத்துக்கு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். ஒரு பெட்டியில பைபிள் வசனமா எழுதிப் போட்டிருப்பாங்க. ஆளுக்கொண்ணு கையை விட்டு எடுக்கணும். எடுத்தது எதுவோ, அது அந்த வருஷம் உனக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை. "பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்"னு வந்துட்டா ஒரு வருஷம் பூரா நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடப்பாங்க. எங்க அப்பா கேஜிஎஃப்ல மாரிக்குப்பம் சர்ச்சுல உபதேசியார், பாதிரியாருக்கு அடுத்தபடியா ஜெபம் நடத்தறவர். பெட்டியைப் பிடிக்கிறது அவர்தான். மைன்ஸ் ஆபீசர் வீட்டம்மா வந்தா நல்ல வசனமா ஒண்ணை விரலிடுக்குல வச்சிருந்து மேல தள்ளிவிடுவார். அந்தம்மா ஆனந்தக் கண்ணீர் விடும். நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன். எட்டு வயசு எனக்கு. அப்பாகிட்ட நான் கத்துக்கிட்டதுன்னா அது ஒண்ணுதான்.

பேண்டுக்கு அதைத்தான் கொண்டு வந்தேன். அப்ப பெங்களூர்ல இருந்த பேண்டெல்லாம் வெள்ளைக்காரன் பாட்டை இசைத்தட்டுல கேட்டு அப்படியே வாசிப்பாங்க. எங்களுக்குப் பாட்டே கிடையாது. மெட்டு கிடையாது, நோட்ஸ் கிடையாது. மேடை ஏறினா என்ன வாசிக்கப் போறோம்னு எங்களுக்கே தெரியாது. ஒரு பிஸ்கட் டப்பா, அதுல மூணு சீட்டு. எழுதறது நான். டெஸ்மண்ட் ஒண்ணு எடுப்பான், முனிரத்னம் ஒண்ணு, கடைசியா சைலஸ். யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. படிச்சிட்டு சட்டைப் பையில போட்டுக்கிட்டு அதை வாசிக்கணும். அவ்வளவுதான் சட்டம். நான் கையைத் தூக்கற வரைக்கும் ஒருத்தனும் நிறுத்தக் கூடாது. அரை மணி ஆனாலும் சரி.

முதல்ல சும்மா எழுதுவேன். "பூட்டின வீட்டுக்குள்ள டெலிபோன் அடிக்குது." "உன் செருப்பை எவனோ மாட்டிக்கிட்டுப் போயிட்டான்." வாசிப்பாங்க, நல்லாத்தான் இருக்கும். ஆனா நல்லா இருக்கறது வேற, ஆளை உலுக்கறது வேற இல்லையா? அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமா வீட்டு விஷயத்தை எழுத ஆரம்பிச்சேன். ஒரு நாள் முனிரத்னத்துக்கு, "உன் தங்கச்சி நேத்து சினிமாக் கொட்டாய்ல யார் பக்கத்துல உக்காந்திருந்தா?" அன்னைக்கு அவன் வாசிச்ச வாசிப்பு இருக்கே! டிரம்ஸ் தோலே கிழிஞ்சது. நேரா வீட்டுக்குப் போய் அந்தப் பொண்ணையும் போட்டு அடிச்சிருக்கான், பாவம். அது ஏதோ ஒரு பேச்சுக்கு எழுதினது. இப்படி எடுத்ததுக்கெல்லாம் நிஜம்னு நம்பறவங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

சைலஸ் அப்படி இல்லை. அவன்கிட்ட எதை எழுதிக் கொடுத்தாலும் அழகா வாசிப்பான். அழகா வாசிக்கறதுதான் அவன்கிட்ட கோளாறே. உள்ள இருக்கிறது வெளிய வராது. எனக்கு அவன் உள்ள இருக்கறது வேணும். அவன் பலவீனம் என்னன்னு எனக்குத் தெரியும், அவங்க அப்பா. தானியேல் மேஸ்திரின்னு பேரு. சுரங்கத்துக்குள்ள இருபத்தெட்டு வருஷம் இறங்கி ஏறினவர், நெஞ்சு பூரா கல்லுத்தூசி. நாங்க மாரிக்குப்பம் சர்ச் பின்னாடி ஹால்ல பிராக்டிஸ் பண்ணினா வாசல்ல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துக்குவார். ஒண்ணும் புரியாது அவருக்கு. "என் பையன் வாசிக்கிறான்"னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்வார். எங்க பழைய டேப் எதைப் போட்டாலும் அந்த இருமல்தான் முதல்ல கேக்கும். எனக்கு எரிச்சலா வரும். ஆனா பெரியவர், என்ன சொல்ல முடியும்?

ரெக்கார்டிங்குக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு பரீட்சை வச்சுப் பார்த்தேன். சைலஸுக்கு வந்த சீட்டுல, "வாசல்ல இருமல் நின்னு போச்சு." அவ்வளவுதான் எழுதினேன். அன்னைக்கு அவர் நிஜமாவே ஒரு அஞ்சு நிமிஷமா இருமல. பாதி வாசிச்சுக்கிட்டிருக்கும்போதே கிடாரைக் கீழ போட்டுட்டு ஓடினான் தம்பி. சட்டத்தை மீறினான். பார்த்தா மேஸ்திரி யார்கிட்டயோ மூக்குப்பொடி வாங்கிப் போட்டுக்கிட்டு சுகமா உக்காந்திருக்கார். டெஸ்மண்ட் விழுந்து விழுந்து சிரிச்சான். முனிரத்னம் ஒரு வாரத்துக்கு அவனைப் பார்க்கிறப்பெல்லாம் இருமிக் காட்டினான். நான் மட்டும் சிரிக்கல. "சைலஸ், நீ கலைஞனா, அப்பா பிள்ளையா, முடிவு பண்ணிக்கோ"ன்னு சொன்னேன். அவனுக்கு அழுகையே வந்துடுச்சு. "இனிமே பாதியில நிறுத்த மாட்டேன் ஆல்ஃபி, சத்தியமா"ன்னான். சத்தியம் பண்ணினது அவன். நான் கேக்கல.

இருங்க, டீ கொண்டு வர்றேன். வேணாமா? பெர்சிஸ் இருந்தா இப்படி வேணாம்னு சொல்ல விட மாட்டா. என் மனைவி. அவ கதையும் இதுக்குள்ளதான் வருது.

ரெக்கார்டிங் ஆகஸ்ட் மாசம் ஒரு சனிக்கிழமை. கேஜிஎஃப்லேர்ந்து காலை ரயில்ல வந்து இறங்கினோம். இங்க பெங்களூர் கன்டோன்மென்ட்ல ஒரு ரேடியோ ஊழியக்காரங்க ஸ்டுடியோ. பிரசங்கம் பதிவு பண்ற இடம். பத்து மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் எங்களுக்கு. காலையில ரெண்டு மணி நேரம் வாசிச்சோம். ஒண்ணும் தேறல. எல்லாம் சவசவன்னு இருந்தது. சைலஸ் அழகா வாசிச்சுக்கிட்டே இருக்கான். எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருந்தது. பன்னெண்டு மணிக்கு சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். அவங்க மூணு பேரும் பின்பக்கம் புளியஞ்சோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சாச்சு. நான் முன்பக்கம் வராந்தாவுல சிகரெட் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்ப ஆபீஸ்லேர்ந்து டெலிபோன் பார்க்கிற பொண்ணு வெளிய வந்தது. அதுதான் பெர்சிஸ். கையில ஒரு துண்டுக் காகிதம்.

"கேஜிஎஃப்லேர்ந்து டிரங்க் கால் வந்தது. சைலஸ்னு யாருங்க? அவங்க அக்கா பேசினாங்க. அப்பாவுக்கு மூச்சு ரொம்பத் திணறுதாம். மைன்ஸ் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. நினைவு இருக்காம். சைலஸ் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காராம். ஒண்ணு இருபது வண்டியைப் பிடிச்சு உடனே வரச் சொன்னாங்க."

"குடும்மா, நான் சொல்லிடறேன்"னு வாங்கிக்கிட்டேன்.

சொன்னேன் தம்பி. நான் சொல்லலன்னு யாரும் என்னைக் கைநீட்டிப் பேச முடியாது. மறைக்கணும்னு நினைச்சிருந்தா அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பேன். நான் கிழிக்கல. மதியம் பெட்டியில போடறதுக்கு மூணு சீட்டு எழுதணும் இல்லையா, ரெண்டு எழுதினேன். மூணாவதுல அதை எழுதினேன். "அப்பாவுக்கு மூச்சு திணறுகிறது. சைலஸ் எங்கே என்று கேட்கிறார். உடனே வா." ஒரு எழுத்துகூட நான் கூட்டல, குறைக்கல. நடந்தது நடந்தபடி.

அவ எழுதின காகிதத்தையே கொடுத்திருக்கலாமேன்னு பார்க்கறீங்க. பெர்சிஸ் கேட்டதும் அதுதான், நாற்பத்தாறு வருஷம். அவ கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அவசரத்துல பென்சில்ல வேற எழுதியிருந்தா. ஒரு கலைஞன் கையில அதையா கொடுக்கறது? நான் மையில, நிறுத்தி, அழகா எழுதினேன்.

பன்னெண்டரைக்கு டப்பாவை நீட்டினேன். டெஸ்மண்ட் எடுத்தான், முனிரத்னம் எடுத்தான். மூணாவதை நான் விரலிடுக்குல வச்சிருந்தேன், வேற யார் கைக்கும் போயிடக் கூடாதே. சைலஸ் எடுத்துப் படிச்சான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு நொடி, தம்பி, ஒரே ஒரு நொடி முகம் வெளுத்தது. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரிச்சான். விரலை ஆட்டிக் காட்டினான், போன தடவை மாதிரி என்னை ஏமாத்த முடியாதுடாங்கற மாதிரி. மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டான்.

அப்புறம் வாசிச்சான்.

நீங்க கேட்டிருப்பீங்க. எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? அறுபதா! அப்போ உங்களுக்கே தெரியும். இருபத்து மூணு நிமிஷம். முதல் அஞ்சு நிமிஷம் யாரோ தூரத்துலேர்ந்து கூப்பிடற மாதிரி ஒரே ஒரு சுரம். அப்புறம் ஓட ஆரம்பிக்கிறான். பதினேழாவது நிமிஷத்துல ஒரு கம்பி அறுந்து போகுது, அறுந்தது டப்புனு கேக்கும். அப்பவும் நிறுத்தல. சத்தியம் பண்ணியிருக்கானே! மீதி அஞ்சு கம்பியில மூச்சு வாங்கறான். எனக்கு ஆர்கன்ல கை ஓடவே இல்லை. வெறும் ரெண்டு கட்டையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்படி ஒண்ணை நான் அதுக்கு முன்னாடியும் கேக்கல, பின்னாடியும் கேக்கல. நான் கையைத் தூக்கினதும் நிறுத்தினான், நிறுத்திட்டுச் சத்தமா சிரிச்சான். ஜெயிச்சுட்டோம்னு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு ரெக்கார்டுல இருக்கு. இன்ஜினியர் வெட்டிடலாம்னார். விடுங்க, இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன். இப்ப இன்டர்நெட்டுல அந்தச் சிரிப்பைப் பத்தி எத்தனை பேர் எழுதறாங்க! அதை விட்டு வச்சது யாரு?

முடிஞ்சப்ப மணி ஒண்ணு அஞ்சு. ஸ்டேஷன் ஆட்டோவுல பத்து நிமிஷம்தான். எனக்குத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனா தம்பி, தட்டுல ஒரு பக்கத்தை மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது? ரெண்டாம் பக்கம் யாரு வாசிக்கிறது? மறுபடி அந்த ஸ்டுடியோ எப்ப கிடைக்கும்? நீங்க ரெக்கார்டு வியாபாரத்துல இருக்கறவங்க, உங்களுக்குப் புரியும். புதுக் கம்பி மாட்டச் சொன்னேன். ரெண்டாம் பக்கம் நாலரை வரைக்கும் போச்சு. சுமார்தான். மூணு தடவை எடுத்தும் சுமார்தான். சைலஸ் சந்தோஷமா இருந்தான், அதான் காரணம்.

அந்த வண்டியைப் பிடிச்சிருந்தா நாலு மணிக்கு அங்க இருந்திருப்பான். மேஸ்திரி போனது நாலே முக்காலுக்கு. முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரத்துல மூச்சு திணறுற ஆளு என்ன பேசிடப் போறாரு? கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான், அவ்வளவுதானே? நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். இந்தப் பக்கம் முக்கால் மணி நேரம் கையைப் பிடிக்கிறது. அந்தப் பக்கம் ஐம்பது வருஷம் கழிச்சும் ஜெர்மனிக்காரன் தேடி வர்ற ஒரு வாசிப்பு. நீங்களே சொல்லுங்க.

அஞ்சு மணிக்கு சாமானைத் தூக்கிக்கிட்டு வெளிய வர்றோம். வாசல்ல பெர்சிஸ் நிக்கிறா. ரெண்டாவது கால் வந்திருக்கு. நேரா சைலஸ்கிட்ட போய், "பிரதர், அப்பா போயிட்டாங்க"ன்னுட்டா. என்னைக்கூட கேக்கல. கிடார் பெட்டியை மெதுவா கீழ வச்சான். பையிலேர்ந்து சீட்டை எடுத்தான். பிரிச்சுப் படிச்சான். மறுபடி படிச்சான். உதடு மட்டும் அசையுது. அப்புறம் என்னைப் பார்த்தான்.

"ஆல்ஃபி, இதை நீ எப்படா எழுதின?"

"காலையில"ன்னேன். "ரயில்ல வரும்போது. சும்மா மனசுல வந்துச்சு, எழுதினேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. அந்த நேரத்துக்கு வாயில வந்தது அது. நல்ல பதில்தானே அது? என்னைக் கோவிச்சுக்க மாட்டான், பேண்டு உடையாதுன்னு நினைச்சேன். பெர்சிஸ் என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. வாயைத் திறக்கல. பத்தொன்பது வயசுப் பொண்ணு, பயம். அன்னையிலேர்ந்து ஏழாவது மாசம் அவளைக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். நல்ல பொண்ணு, அடக்கமான பொண்ணு. வீட்டுல ஆள் விட்டுக் கேட்டேன், அவங்க அப்பா சந்தோஷமா சரின்னுட்டார். அவகிட்ட கேட்டாங்களான்னு எனக்குத் தெரியாது.

ஆனா பாருங்க, பேண்டு உடைஞ்சு போச்சு. அதுதான் என் வயித்தெரிச்சல். அந்தப் பையன் என்ன பண்ணினான் தெரியுமா? என்னைக் கோவிச்சுக்கல. ஒரு வார்த்தை சொல்லல. அடக்கம் முடிஞ்ச மறுநாள் கிடாரைக் கொண்டு போய் சர்ச்சுக்குக் கொடுத்துட்டான். "ஆண்டவர் என்னைக் கூப்பிட்டார் ஆல்ஃபி. உன் கையைப் பிடிச்சு எழுத வச்சு, என் பேரைச் சொல்லி, உடனே வான்னு கூப்பிட்டார். நான் சிரிச்சுட்டேன். எங்கப்பா கூப்பிட்டதை எடுத்து வாசிச்சுக்கிட்டு இருந்துட்டேன்"னான். வாக்குத்தத்தப் பெட்டி பார்த்து வளர்ந்தவன்தானே, சீட்டுல வந்தா அது மேலேர்ந்து வந்ததுதான் அவனுக்கு. நேரா மைன்ஸ் ஆபீசுக்குப் போய் அப்பாவோட வேலையை வாங்கிக்கிட்டான். அதே சுரங்கம், அதே தூசி. 2001-ல மூடற வரைக்கும் இறங்கினான். இப்ப அதே இருமல் அவனுக்கு. பொண்ணு கொடுக்க வந்தாங்க, வேணாம்னுட்டான். புது வருஷத்துக்கு எல்லாரும் சீட்டு எடுக்கும்போது அவன் மட்டும் கையைக் கட்டிக்கிட்டுக் கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பானாம். பெட்டிக்குள்ள கை விட அவனுக்கு யோக்கியதை இல்லையாம்.

என் கதையை யாரு கேட்டா? கிடார் இல்லாம என்ன பேண்டு? ஒரே ரெக்கார்டு, முந்நூறு தட்டு, அதுல பாதி எங்க வீட்டுப் பரண்லயே கிடந்தது. அப்புறம் நாற்பது வருஷம் கல்யாண ரிசப்ஷன்ல வாசிச்சேன். குழந்தைங்களுக்கு கீபோர்டு சொல்லிக் கொடுத்தேன். இருமி இருமி என்னைக்கோ ஒரு நாள் போக வேண்டிய ஒரு மனுஷன், சரியா அன்னைக்குப் போனார். அதுக்காக என் வாழ்க்கையையே குட்டிச்சுவராக்கிட்டான் அவன். நான் ஒரு நாள்கூட அவனைக் கோவிச்சுக்கிட்டது இல்லை. அது என் குணம்.

பெர்சிஸுக்கும் ரசனை கிடையாது. அந்த ரெக்கார்டைப் போட்டா போதும், செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிடுவா. மழையா இருந்தாலும் போவா. பக்கத்து வீட்டு வாசல்ல நின்னுட்டு இருபத்து மூணு நிமிஷம் கழிச்சு வருவா. நாற்பத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட முழுசா கேட்டதில்லை.

மூணு வருஷம் முன்னாடி அவளுக்குக் கேன்சர். கடைசி கட்டம். எனக்குத் தெரியாம சைலஸுக்குப் போன் போட்டு வரச் சொல்லியிருக்கா. கேஜிஎஃப் வண்டியைப் பிடிச்சு வந்தான், பாவம், மாடிப்படி ஏற முடியல. இதோ இந்த ரூம்லதான் படுத்திருந்தா. நான் சமையல்கட்டுல டீ போட்டுக்கிட்டு இருக்கேன், அவனுக்கு எல்லாத்தையும் சொல்லியிருக்கா. பன்னெண்டு மணிக்குக் கால் வந்தது, என் கையால எழுதினேன், இவர் கையில கொடுத்தேன், வண்டி நேரம்கூட சொன்னேன், ஆண்டவர் கூப்பிடல பிரதர், உங்கக்கா கூப்பிட்டாங்க, நீங்க எந்தத் தப்பும் பண்ணல. எல்லாம். குரல் எனக்கு உள்ள வரைக்கும் கேட்டுது.

சமையல்கட்டு வாசல்ல வந்து நின்னான். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். எழுபத்து மூணு வயசு ஆளு, சின்னப் பிள்ளை மாதிரி முழிக்கிறான். "ஆல்ஃபி, பெர்சிஸ் என்னமோ சொல்றாங்களே. நிஜமாடா? நிஜமா இருந்தா சொல்லுடா. நான் உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்டா"ன்னான்.

நான் சர்க்கரையைக் கலக்கிக்கிட்டே, "மாத்திரைடா சைலஸ்"னேன். "அவளுக்குக் கொடுக்கற மாத்திரை அப்படி. நேத்து என்னையே யாருன்னு கேட்டா. மனசுல வச்சுக்காதே."

அப்படியான்னு தலையை ஆட்டினான். திரும்பிப் போனான். அவ கட்டில் பக்கத்துல முட்டி போட்டு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, சத்தமா ஜெபம் பண்ணினான். "ஆண்டவரே, இந்த சகோதரியோட குழம்பின புத்தியைத் தெளிய வையும்"னு. நான் டீயோட வாசல்ல நிக்கிறேன். அவ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பதினோரு நாள் இருந்தா, ஒரு வார்த்தை பேசல. தண்ணி வேணுமான்னு கேட்டாலும் பேசல. கடைசி நேரத்துல புருஷன்கிட்ட இப்படியா நடந்துக்கறது? எனக்கு எவ்வளவு மனக்கஷ்டம் தெரியுமா?

சைலஸ் இப்பவும் ஞாயித்துக்கிழமை தவறாம எனக்குப் போன் பண்றான். என் பேரைச் சொல்லி ஜெபம் பண்றான். ஆனா அவ சொன்னது எங்கயோ உள்ள தைச்சிருக்கு. என்கிட்ட மறுபடி கேக்கக் கூச்சம். அதனாலதான் போறவங்க வர்றவங்ககிட்ட கேக்கறான்.

உங்ககிட்ட மட்டும் ஏன் சொன்னேன்? எழுபத்தாறு வயசு எனக்கு. நாளைக்கே போனாலும் போவேன். எல்லாரும் அந்த ரெக்கார்டைப் பத்தி என்ன எழுதறாங்க? 'அதிசயத் தற்செயல்'னு எழுதறாங்க. நாலு பேர் ஏதோ ஒரு நல்ல நேரத்துல வாசிச்சது, அதுவா அமைஞ்சுதுன்னு எழுதறாங்க. தற்செயலா தம்பி அது? தற்செயலா? பன்னெண்டு மணிக்கு அந்தக் காகிதம் கைக்கு வந்தப்ப, அதை என்ன பண்ணணும்னு தெரிஞ்ச ஒரு ஆளு அங்க நின்னான் இல்லையா? அது யாராவது ஒருத்தருக்குத் தெரிய வேணாமா? உங்களைப் பார்த்தா விஷயம் தெரிஞ்சவரா இருக்கீங்க, அறுபது தடவை கேட்டிருக்கீங்க, அதான் சொன்னேன்.

ஏன் ஃபார்மை மடிக்கறீங்க? இருங்க, நான் கையெழுத்து போடறேன். இந்தாங்க, போட்டாச்சு. இனிமே அவன் ஒருத்தன்தான்.

நாளைக்குக் காலையில கேஜிஎஃப் போறீங்க. காபி கொடுப்பான், குடிங்க. கேப்பான். காலையிலன்னு சொல்லிடுங்க. ஆல்ஃபியே என்கிட்ட சொன்னார், ரயில்ல வரும்போது எழுதினாராம்னு சொல்லுங்க. அப்ப அவனுக்கு அந்த ரெக்கார்டு ஒரு சாட்சி. ஆண்டவர் கூப்பிட்டும் போகாத பாவியோட சாட்சியை உலகம் கேக்கட்டும்னு உடனே போட்டுக் கொடுத்துடுவான். பன்னெண்டரைன்னு சொன்னீங்கன்னா நம்பிடுவான். பெர்சிஸ் சொன்னப்ப நான் இல்லைன்னேன், அதனால நம்பல. இப்ப நானே சொன்னேன்னு நீங்க சொன்னா நம்பாம என்ன? ஐம்பது வருஷம் ஒண்ணுமில்லாததுக்கு அழுதோம்னு தெரிஞ்சு, மூச்சு வாங்கி வாங்கி, நிம்மதியாவோ என்னமோ போய்ச் சேருவான். ஆனா அதுக்கப்புறம் அவங்க அப்பா சாவு ஓடற அந்த ரெக்கார்டை வெளிய விடுவானா? மாட்டான். கொளுத்தச் சொல்வான். உங்களுக்கு ஒரு தட்டு கிடைக்காது.

என்ன தம்பி, ஃபார்மையே பார்க்கறீங்க? அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ரெக்கார்டு வேணுமா, வேணாமா உங்களுக்கு?